தோலோடு ஆறு தொடை

அந்த அம்மாளின் கை ஓவன் கதவின் பிடியைத் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும், கதவு திறந்துவிடும்.

கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஃபேன் நின்றுபோனதால், உருகிய கோழிக் கொழுப்பும் மிளகும் கலந்த வாசனை சமையலறையை விட்டு நகராமல் நின்றது. சமையலறை நிலையில் என் மனைவி வசந்தா கேசரிக் கிண்ணங்களோடு நின்றிருந்தாள். கதவைத் தொட்டவர், என் மகள் பவித்ராவைப் பெண் பார்க்க வந்த பையனின் தாயார். பெயர் மாரியம்மாள்.

நான் சத்தம் போட்டேன்.

"தொறக்காதீங்க."

சாதாரணச் சத்தம் இல்லை. கம்பெனியில் பெரிய மோட்டார் ஓடும்போது எதிர்ப்பக்கம் நிற்கிறவனுக்குக் கேட்கப் போடுகிற சத்தம். மாரியம்மாள் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். முன் அறையில் பேச்சு நின்றது. வசந்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஷேர் ஆட்டோவில் "இங்க நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி நடந்து வருகிறவன். அப்படிப்பட்டவன், பெண் பார்க்க வந்த வீட்டாரைப் பார்த்து ஏன் கத்தினேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேசாத அப்பா

நான் அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரகடத்தில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில், பெயின்ட் பிரிவில் ஓவன் ஆபரேட்டர். நாங்கள் அடிப்பது தண்ணி பெயின்ட் இல்லை, மாவு பெயின்ட். இரும்புப் பாகத்தைக் கழுவி, காயவைத்து, மேலே பெயின்ட் மாவைத் தூவுவார்கள். பிறகு அதை ஒரு அறை அளவு இருக்கும் ஓவனுக்குள் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துவோம். உள்ளே மாவு உருகி, இரும்போடு ஒட்டி, வழவழவென்று வெளியே வரும்.

இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம், அங்கே இரைச்சல் அதிகம். யாரும் யாரோடும் பேச முடியாது. நான் பேசாமல் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டில் தெரியும். நன்றாகவே தெரியும்.

இதற்கு முன் பவித்ராவுக்கு மறைமலை நகர் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி, பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். பெண் பிடித்து, பேச்சும் சரியாக அமைந்தால்தான் அந்த வீட்டுச் சாப்பாட்டில் கை நனைப்பார்கள். கை நனைத்தால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால், "போய்ச் சொல்லியனுப்புறோம்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. பையனின் அப்பா என்னிடம் திரும்பி, உங்களுக்கு முழுச் சம்மதம்தானே என்று கேட்டார். சம்மதம் என்று சொல்ல வேண்டும். நான் தரையைப் பார்த்தேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பொண்ணோட அப்பனுக்கு இஷ்டமில்லை போல, முகம் கொடுத்தே பேசவில்லை என்று தரகர் பிற்பாடு சொன்னார்.

"வாயில இன்னா கொயக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?" என்று வசந்தா கேட்டாள்.

அந்தப் பிரியாணியை மூன்று வேளை நாங்களே சாப்பிட்டோம். பவித்ரா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அப்பளப் பெட்டி

பவித்ரா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரு புத்தாண்டுக்குக் கம்பெனியில் குலுக்கல் வைத்து, அவளுக்கு ஒரு ஓவன் விழுந்தது. கண்ணாடிக் கதவு, திருப்ப மூன்று குமிழ், உள்ளே ஒரு தட்டு. வசந்தா அதைச் சுற்றிப் பார்த்தாள். கதவு இறுக்கமாக மூடுகிறது, எலி நுழையாது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு அப்பளப் பெட்டி.

அதே கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் இருக்கிற பையன் இசக்கிராஜ். திருநெல்வேலிப் பக்கம். கம்பெனிக்குப் பக்கத்து வல்லத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பவித்ராவுக்கு அவனைப் பிடித்திருந்தது. இதை அவள் அம்மாவிடம் சொன்னாள். வசந்தா என்னிடம் சொன்னாள். பையனை ஒரு நாள் டீக்கடையில் தூரத்திலிருந்து பார்த்தேன். குடித்த கிளாஸை அவனே எடுத்துப்போய்க் கடைக்காரரிடம் கொடுத்தான். எனக்குப் பிடித்துவிட்டது.

அவனுக்கு அப்பா கிடையாது. அம்மாவும் தாய்மாமனும் ஊரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். தாய்மாமன் நிறையப் பேசுகிறவராம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பவித்ராதான் வழி சொன்னாள். போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒருவர் தோலோடு கோழித் தொடைகளைத் தட்டில் அடுக்கி ஓவனில் வைத்து எடுக்கிறார். கத்தியை வைத்ததும் தோல் கருக்கென்று உடைகிறது. உள்ளே சாறு வழிகிறது.

"இது உன் வேலதானப்பா," என்றாள். "அவங்க வர அன்னிக்கி நீ இத செய். நடுவுல நடுவுல எயிந்து வந்து இத பாக்கலாம். முன்னாடி ஒக்காந்துகினே இருக்க வேணாம்."

ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த சந்தோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். கை நனைப்பார்களா மாட்டார்களா என்றே தெரியாதபோது கறி சமைத்து வைப்பது இன்னொரு தடவை அவமானப்படத்தான் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அப்பளத்தை எடுத்து டப்பாவில் போட்டு, ஓவனைத் துடைத்துக் கொடுத்தாள்.

பாய் கடையில்

வீடியோவில் ஒரு விஷயம் சொல்லவில்லை. கோழிக்கடையில் போய் எப்படிக் கேட்பது என்பதுதான் அது.

எங்கள் ஊரில் கறி என்றால் தோலை உரித்துத்தான் வாங்குவார்கள். தோலோடு கேட்டாலே திரும்பிப் பார்ப்பார்கள். அதிலும் எனக்கு வேண்டியது தொடை. ஞாயிற்றுக்கிழமை காலை, கடை முன்னால் ஏழெட்டுப் பெண்கள். அவர்கள் நடுவில் நின்று தொடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் வாங்கிப் போகட்டும் என்று ஒதுங்கி நின்றேன். அவர்கள் போகப் போக வேறு பெண்கள் வந்தார்கள்.

கடைசியில் பாயே கூப்பிட்டார்.

"இன்னா ஏழுமலை, அரை மணியா நிக்கிற. கறி வேணுமா, சும்மா கோயி பாக்க வந்தியா?"

நான் குனிந்து என் தொடையைத் தட்டிக் காட்டினேன். பிறகு என் கைத் தோலைக் கிள்ளிக் காட்டினேன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். முட்டி வலிக்கு யாராவது கோழி வைத்தியம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். மூட்டு வலி என்றால் ஆட்டுக்கால்தான் நல்லது என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணிதான் புரிந்துகொண்டு சொன்னார். "லெக் பீஸோட மேல் பாதி கேக்குறாரு பாய். தோலோட."

அவ்வளவுதான். இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கலாம்.

மூன்று ஞாயிறு

விருந்தாளிகள் வருவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன்.

முதல் ஞாயிறு, கழுவிய ஈரத்தோடு தட்டில் வைத்துவிட்டேன். தோல் வெளுத்து, இழுத்தால் ரப்பர் மாதிரி வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஈர இரும்பு ஓவனுக்குள் போனால் பெயின்ட் கொப்பளித்துவிடும் என்பது என் தொழிலின் முதல் பாடம். இரும்புக்குத் தெரிந்ததைக் கோழிக்கு மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒவ்வொரு தொடையையும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தேன். உப்புத் தடவி, மூடாமல் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் தோல் காகிதம் போல் காய்ந்திருந்தது. இஞ்சி பூண்டு விழுதை மேலே பூசினால் ஈரமும் ஆகும், கருகியும் போகும். அதனால் தோலைப் பிய்க்காமல் விரலை உள்ளே விட்டு, விழுதும் மிளகுத்தூளும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தோலுக்கு அடியில் வைத்தேன். மேலே எண்ணெய் மட்டும். மேலே மசாலா இல்லாத கோழியை வசந்தா பரிதாபமாகப் பார்த்தாள்.

கம்பெனியில் எங்கள் கணக்கு இருநூறு டிகிரி, இருபது நிமிடம். அதையே வைத்தேன். தோல் நன்றாகச் சிவந்தது. கடித்தால் எலும்பு ஓரத்தில் ரத்தம்.

அன்று மதியம் முழுவதும் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. கம்பெனியில் கதவைச் சாத்தியதிலிருந்து நாங்கள் நேரம் எண்ணுவதில்லை. இரும்பில் சூடு அளக்கிற ஒரு ஒயர் ஒட்டியிருக்கும். அந்த இரும்பே இருநூறு டிகிரிக்கு ஏறிய பிறகுதான் எண்ண ஆரம்பிப்போம். மெல்லிய தகடு சீக்கிரம் ஏறும், கனமான வார்ப்பு மெதுவாக ஏறும். எலும்போடு இருக்கிற தொடை கனமான வார்ப்பு. இத்தனை வருஷம் இதைச் செய்தவன், வீட்டில் கதவைச் சாத்தியதும் வாட்சைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் நாற்பது நிமிடம் விட்டேன். ஒன்றோடொன்று தொடாமல், காற்று சுற்ற இடம் விட்டு வைத்தேன். கம்பியால் குத்தினால் வந்த சாறு தெளிவாக இருந்தது. வெளியே எடுத்ததும் சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று வசந்தா அன்பாக ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டாள். ஐந்து நிமிடத்தில் தோல் நமத்துப் போனது. அதையும் கற்றுக்கொண்டேன்.

அதில் ஒன்றைப் பவித்ரா டிபன் பாக்ஸில் எடுத்துப் போனாள். இசக்கிராஜ் எலும்பைக்கூட விடவில்லையாம். அன்று ராத்திரியே ஊருக்குப் போன் செய்து, பொண்ணோட அப்பா கோழி சுடுவார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

கரண்ட் போனது

பெண் பார்க்கிற ஞாயிறு, அம்மாவும் தாய்மாமனும் ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து லோக்கலில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, இசக்கிராஜோடு ஆட்டோ பேசிக்கொண்டு வந்தார்கள். காபி மட்டும் போதும், ஆட்டோவை நிற்கச் சொல்லியிருக்கிறோம் என்று தாய்மாமன் வாசலிலேயே சொல்லிவிட்டார். வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓவனில் அப்போது ஆறு தொடை ஏறியிருந்தது. அவர்கள் மூன்று பேர், நாங்கள் மூன்று பேர். மூன்று மட்டும் வை என்று வசந்தா காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் ஆறு வைத்தேன்.

தாய்மாமன் நல்ல மனிதர். ஆனால் கேள்விக்கு மேல் கேள்வி. எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். நான் ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொன்னேன். பிறகு அவர், "எங்க பையனப் பத்தி ஒங்களுக்கு என்ன அபிப்பிராயம்?" என்றார்.

பழையபடி தரை தெரிந்தது. இசக்கிராஜ் என்னைப் பார்க்கிறான். கதவுக்குப் பின்னால் பவித்ரா நிற்கிறாள். நல்ல பையன் என்று இரண்டு வார்த்தை. சொன்னால் போதும்.

"ஓவன பாத்துட்டு வரேன்," என்று எழுந்துவிட்டேன்.

நான் சமையலறைக்குள் கால் வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. இருபத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. கண்ணாடிக்குள் விளக்கு அணைந்தது. கதவோரம் லேசாகச் சூடு கசிந்தது. அங்கேயே ஒரு துணியை மடித்து அந்த இடுக்கில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். முன் அறையில் தாய்மாமனின் குரல் குறைந்து, யாரிடமோ நேரம் கேட்பது காதில் விழுந்தது.

அப்போதுதான் மாரியம்மாள் உள்ளே வந்தார். வாசனை இழுத்து வந்திருக்கிறது. வசந்தாவைப் பார்த்துச் சிரித்தார். துணியைத் திருப்பி மடிக்க நான் கையை எடுத்த நேரத்தில், வெந்துவிட்டதா என்று பார்க்கக் குனிந்து, கதவில் கை வைத்தார்.

அங்கேதான் நான் கத்தினேன்.

இட்லிக் கொப்பரை

"என்னண்ணே, இப்படிச் சத்தம் போடுதிய?" என்றார் மாரியம்மாள். கோபமா, பயமா என்று எனக்குத் தெரியவில்லை. தாய்மாமன் எழுந்து வந்து நிலையில் நின்றார். அவருக்குப் பின்னால் இசக்கிராஜ்.

மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"உள்ள சூடு கீதுங்க," என்றேன். "கரண்ட் இல்லன்னாலும் அது வேல செஞ்சிக்கினு தான் இருக்கும். தொறந்தா ஒரே மூச்சுல வெளிய பூடும். அப்பறம் கரண்ட் வந்தாலும் மொதல்லேந்து ஏறணும். அதுக்குள்ள தோலு தண்ணி விட்டு தொங்கிடும்."

நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. கம்பெனியில் ஒருமுறை கரண்ட் போனபோது, மெயின்டனன்ஸ்காரர் ஒருவர் உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்கக் கதவைத் திறந்ததையும், ஓவன் முழுக்க இருந்த பாகங்கள் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்து, அத்தனையையும் சுரண்டி மறுபடி அடித்ததையும் சொன்னேன். ஈரம், இடைவெளி, கனமான வார்ப்பு, எலும்பு எல்லாம் சொன்னேன். கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வசந்தா என்னிடம் கேட்டிராத அளவு வார்த்தைகள். அவள் கேசரிக் கிண்ணங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.



மாரியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்க ஊர்ல நான் இட்லிக் கடை வச்சிருக்கேம்லா," என்றார். "கொப்பரைய பாதியில எவன் தொறந்தாலும் கரண்டியாலயே கையில ஒண்ணு போடுவேன். இந்தா நிக்கானே எங்கண்ணன், இவனும் வாங்கியிருக்கான். நீங்க சத்தத்தோட விட்டிய."

தாய்மாமன் தன் வலது கையைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்து இசக்கிராஜ் வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு நானும் அந்த அம்மாளும் பேசிக்கொண்டிருந்தோம். மாவு புளித்த நாளில் எவ்வளவு நேரம், மழை நாளில் எவ்வளவு நேரம், துணியை எப்படிப் பிழிந்து போட வேண்டும் என்று அவர் சொன்னார். தட்டுத் தட்டாக அடுக்கினால் நடுத் தட்டு ஏன் கடைசியில் வேகிறது என்று கேட்டார். நான் காற்று சுற்றுகிற கணக்கைச் சொன்னேன். பேச்சுவாக்கில், உங்க பையன் டீக்கடையில் கிளாஸை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான், அதைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். இதை நான் சொன்னதே எனக்கு நினைவில்லை. வசந்தாதான் பிற்பாடு சொன்னாள்.

ஆறு பேருக்கு ஆறு

கரண்ட் வந்தது. ஓவனுக்குள் விளக்கு எரிந்தது. கம்பெனிக் கணக்குப்படி, இழந்த சூட்டுக்கு ஐந்து நிமிடம் சேர்த்து, இன்னும் இருபது நிமிடம் என்றேன்.

தாய்மாமன் மணி பார்த்தார்.

"ஏ தங்கச்சி, நேரமாவுதுல்லா. ஆட்டோக்காரன் நிக்கான்."

"நிக்கட்டும்," என்றார் மாரியம்மாள், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நாம சாப்புடுத மாதிரி வரலையே."

அந்த அம்மாள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டே குனிந்தார். எனக்கு அந்த இருபது நிமிடம், கம்பெனியில் முழு ஷிஃப்டை விட நீளமாக இருந்தது. கொழுப்பு தட்டில் சிறு சிறு சத்தத்தோடு பொரிந்தது. தோல் மஞ்சளாகி, பொன்னாகி, ஓரங்களில் பழுப்பாகச் சுருங்கியது. பவித்ரா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, இசக்கிராஜுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

நேரம் ஆனதும் நானே கதவைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. கம்பியால் குத்தினேன், சாறு தெளிவாக இருந்தது. தட்டை மேடைமேல் வைத்தேன். வசந்தா பழக்கத்தில் மூடித் தட்டை எடுத்தாள். நான் அவளைப் பார்த்தேன். வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் ஆற வேண்டும். எல்லோரும் நின்றோம். கோழித் தோல் சூடு இறங்கும்போது டிக், டிக் என்று மெல்ல வெடிக்கும். பேசாதவனுக்கு நன்றாகக் கேட்கும் சத்தம் அது. அன்று எல்லோருக்கும் கேட்டது.

மாரியம்மாள் தட்டிலிருந்த தொடைகளை எண்ணினார். விரலை நீட்டாமல், கண்ணாலேயே எண்ணினார். ஆறு. பிறகு வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு வசந்தாவிடம் திரும்பினார்.

"மதினி, கை எங்கன கழுவணும்?"

வசந்தா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னாடி தண்ணி கொயா கீதுங்க," என்றேன் நான். "வாங்க, நான் காட்றேன்."